மத்திய பட்ஜெட்டில் எந்தத் துறைக்கு உண்மையில் பணம் போகிறது என்று எப்படிப் பார்ப்பது?

நிதியமைச்சரின் உரையை விடுங்கள், செலவு அட்டவணையை எடுங்கள். 2025-26 பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் வட்டிக்கே 12.76 லட்சம் கோடி போய்விடுகிறது. பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. வேளாண் அமைச்சகத்துக்கு 1.37 லட்சம் கோடிதான். ஆனால் உர மானியம் வேறு அமைச்சகக் கணக்கில் வருகிறது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒதுக்கீட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பக்கத்திலேயே இருக்கும் திருத்திய மதிப்பீட்டையும், அதாவது ஆண்டு ஓடும்போதே செலவின் போக்கைப் பார்த்து மாற்றிப் போடும் தொகையையும் பாருங்கள். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்துக்கு 2024-25இல் சுமார் 70,163 கோடி ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகச் சுருங்கிவிட்டது. சரி, அடுத்த ஆண்டுக்கு? மறுபடியும் 67,000 கோடி! நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு இரண்டு ஆண்டும் அதே 86,000 கோடி. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால், என் கணக்கில் அது வெட்டுதான்.