உடையிலும் உணவிலும் மண்ணுக்கு உகந்தது எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அன்றாடம் உடுப்பதையும் உண்பதையும் பற்றியவை. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாலியஸ்டர் கலந்த உடைகளை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிட்டு, வீட்டில் அனைவரும் பருத்திக்கு மாறிவிட எண்ணுகிறோம். இது சரியான முடிவுதானா? (ஈரோடு வாசகி)

உங்கள் நோக்கம் நல்லது, ஆனால் தொடங்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் சட்டைக்கான எண்ணெயும் மின்சாரமும் தண்ணீரும் செலவாகி முடிந்துவிட்டன. அதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கினால், அந்தச் செலவு முழுவதும் இன்னொரு முறை நடக்கும். ஆகவே இருப்பதைக் கிழியும் வரை உடுத்துங்கள். புதிதாக வாங்கும் நாள் வரும்போது பருத்தியைத் தேர்ந்தெடுங்கள்.

பருத்தி என்ற ஒரு சொல்லோடு கேள்வி முடிந்துவிடுவதும் இல்லை. உங்கள் ஊருக்கு அருகில் ஓடும் நொய்யல் ஆறே இதற்குச் சான்று. பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, அந்த நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை உண்டானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அங்கே சாயம் ஏறிய துணியில் பெரும்பகுதி பருத்திதான். பருத்தி நூலில் சாயம் ஏற வேண்டுமானால் சாயக் குளியலில் உப்பைக் கொட்ட வேண்டும். வெளிர் நிறத்துக்குக் குறைவாகவும், கருப்பு, கருநீலம், அடர்சிவப்பு போன்றவற்றுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்காகவும் உப்புச் செலவாகிறது. சாயத்தின் நிறத்தை நீக்குவதற்குப் பல வழிகள் உண்டு. கரைந்த உப்பை நீரிலிருந்து பிரிப்பதுதான் கடினம். உப்பேறிய கிணறு எளிதில் மீள்வதில்லை என்பதை அந்தப் பகுதியில் தென்னை வைத்திருந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்.

இன்று சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதியின்படி, கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே வடிகட்டி, எஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பை மீட்கிறார்கள். இது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் கொதிக்கவைக்க எரிபொருள் வேண்டும். மீட்க முடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. எனவே கடையில் நிற்கும் உங்களால் செய்யக்கூடிய பயனுள்ள செயல், அடர் நிறத்தைக் குறைத்து வெளிர் நிறத்தையும், முடிந்த இடத்தில் வெளுக்காத கோராத் துணியையும் கேட்பதுதான். தலையணை உறை, படுக்கை விரிப்பு, உள்பாவாடை போன்றவற்றில் இதைத் தொடங்குவது எளிது.

மழையை நம்பிக் கரிசல் மண்ணில் விளையும் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியில் நெய்த கைத்தறித் துணி கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் வாங்குங்கள். பாசன நீரும் பூச்சிமருந்தும் மிகக் குறைவாகக் கேட்கும் பயிர் அது.

'மூங்கில் துணி' என்று விற்கப்படும் பனியன்கள் இயற்கையானவையா? (கோவை வாசகர்)

மூங்கில் இயற்கையானது, அந்தத் துணி, பெரும்பாலும், விஸ்கோஸ். மூங்கில் கூழைக் காரத்திலும் கார்பன் டை சல்பைடு என்னும் நச்சு வேதிப்பொருளிலும் கரைத்து, அமிலத்தில் இழையாக இழுத்து எடுக்கிறார்கள். அமெரிக்காவில் இத்தகைய துணியை 'மூங்கில்' என்று மட்டும் குறிப்பிட்டு விற்ற நிறுவனங்கள் மீது அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்திருக்கிறது. மென்மைக்காக வாங்குவதானால் வாங்குங்கள், பூமிக்காக என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

முத்திரைகளைப் பற்றியும் இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான 'கோட்ஸ்' (GOTS) முத்திரையில் 'ஆர்கானிக்' என்று இருந்தால் இழையில் குறைந்தது 95 சதவீதம் இயற்கை வேளாண்மையில் விளைந்தது என்று பொருள். சாயமிடலும் கழிவுநீரும் அதன் விதிகளுக்குள் வருகின்றன. 'ஓக்கோடெக்ஸ்' வகை முத்திரைகளில் பரவலாகக் காணப்படுவது, முடிந்த துணியில் தீங்கான வேதிப்பொருள் வரம்பைத் தாண்டவில்லை என்று மட்டுமே உறுதி சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. 'இயற்கைச் சாயம்' என்று சொல்லும் கடைகளில், நிறம் பிடிக்க எந்த உப்பைச் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். படிகாரம் என்றால் கவலை குறைவு. மயில்துத்தமோ குரோமியமோ என்றால், அவுரி, மஞ்சிட்டி போன்ற செடிச் சாயங்களே கலந்திருந்தாலும் அந்தக் கழிவு நீர்நிலைகளுக்குக் கேடுதான்.

விசேஷங்களில் தாம்பூலத்தோடு வந்த துணிப்பைகள் வீட்டில் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. இது நன்மையா, தீமையா? (மதுரை வாசகி)

பயன்படுத்தாமல் மடித்து வைத்திருந்தால் தீமைதான். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கில் எடுத்தாலே ஒரு சாதாரணப் பருத்திப் பையை ஏறத்தாழ 52 முறை பயன்படுத்தினால்தான் ஒரு பாலித்தீன் பையைவிட மேலானதாகும். அந்த ஆய்வு குப்பை ஒழுங்காகச் சேகரிக்கப்படும் நாட்டுக்கானது. நம் தெருக்களில் சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் சேர்வதும் பாலித்தீன் என்பதால், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த தடையும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' முயற்சியும் மிகத் தேவையானவை என்றே உறுதியாகக் கருதுகிறேன். ஆனால் மஞ்சப்பை என்பது ஒரு குடும்பத்தில் ஒன்றோ இரண்டோ இருந்து ஆண்டுக்கணக்கில் உழைத்த பை. வாரம் ஒரு முறை சந்தைக்குக் கொண்டுபோனாலே ஓராண்டில் 52 முறை ஆகிவிடுகிறது. உங்களிடம் உள்ளவற்றில் நான்கைந்தை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தெருமுனைக் காய்கறிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பை கொண்டுவராதவர்களுக்கு அவர் தருவார். அடுத்த விசேஷத்தில் பைக்குப் பதிலாக வெற்றிலை பாக்கும் தேங்காயும் கையில் கொடுத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது என்கிறார்கள். சோற்றை விட்டுவிட்டுச் சிறுதானியத்துக்கு மாற வேண்டுமா? (தஞ்சாவூர் வாசகர்)

டெல்டாவிலிருந்து வந்த இந்தக் கேள்வியை நெடுநேரம் யோசித்தேன். நீர் தேங்கிய வயலில் காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன என்பது உண்மை. மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது நெல்லிலிருந்து வருகிறது. ஆனால் குற்றவாளி நெல் அல்ல, எந்நேரமும் நிற்கும் தண்ணீர். நம் விவசாயிகள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொல்லும் முறையில், வயல் நீரை மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கவிட்டுப் பிறகு பாய்ச்சினால், விளைச்சல் குறையாமல் மீத்தேன் பாதிக்கு நெருக்கமாகக் குறைகிறது, நீரும் மிச்சமாகிறது. ஓட்டையிட்ட ஒரு குழாயை வயலில் நட்டுவைத்து நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம். முறைவைத்து வரும் வாய்க்கால் நீரை நம்பும் கடைமடை விவசாயிக்கு, வேண்டும்போது பாய்ச்சும் உரிமையே இல்லை என்பதால், இதை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

சாப்பிடுபவர் என்ற முறையில் நீங்கள் செய்யக்கூடியது, ஒரு நாளின் ஒரு வேளையை மாற்றுவது. காலையில் கம்பங்கூழோ கேழ்வரகு அடையோ, வாரம் இரண்டு நாள் சாமைச் சோறோ இருந்தால் போதும். ஜவ்வாது மலையிலும் கொல்லி மலையிலும் சாமை மழையை மட்டும் நம்பி விளைகிறது; அதை வாங்குபவர் இருந்தால்தான் அந்தச் சரிவுகளில் அது நிலைக்கும். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் என்று கடைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் சில மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் மிகுந்தவை. பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். தானியமாக வாங்குவதே நல்லது, அதிலும் வெள்ளையாகத் தீட்டாததாக.

தொலைவிலிருந்து வரும் உணவைத் தவிர்ப்பது முக்கியமா, அசைவத்தைக் குறைப்பது முக்கியமா? (சென்னை வாசகர்)

இரண்டாவது. 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான விரிவான ஆய்வின்படி, உணவினால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம்தான். விமானத்தில் வரும் பழங்கள் மட்டும் விதிவிலக்கு. அசைபோடும் ஆடு, மாடுகளின் வயிற்றில் மீத்தேன் உண்டாவதால், ஆட்டிறைச்சியின் பாதிப்பு கோழியைவிடப் பல மடங்கு.

மீன் உண்பவராயின் மத்தி, நெத்திலி, அயிலை ஆகியவற்றை விரும்பி வாங்குங்கள். இவை விரைவாகப் பெருகும். தீவனம் போட்டு வளர்க்க வேண்டியதில்லை. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அந்த நாட்களில் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் மீனை வாங்கினால் அவர்களுக்கும் வாழ்வு. முட்டையிடும் அளவுக்கு வளராத வஞ்சிரக் குஞ்சை, விலை மலிவென்றாலும், வாங்காதீர்கள்.

மீந்த உணவைத் தொட்டியில் உரமாக்குகிறேன். இதுவே போதுமா? (சேலம் வாசகி)

உரமாக்குவது கடைசிப் படி. 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. வீணான ஒவ்வொரு கைப்பிடிச் சோற்றோடும் அதை விளைவித்த நீரும் போகிறது. ஆகவே முதலில் ஆழாக்கை அளந்து உலையில் போடுங்கள். மீந்ததற்கு இரவில் நீர் ஊற்றுங்கள், காலையில் பழைய சோறாகும்.

கழுநீரையும் காய்கறித் தோலையும் மாட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் விருந்தில் மீந்த சோற்றை வாளி வாளியாக மாட்டின் முன் கொட்டாதீர்கள்: அதன் வயிற்றில் அமிலம் பெருகி, மாடு இறந்துபோவதும் உண்டு. புண்ணியம் என்று எண்ணிச் செய்வதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இவற்றுக்குப் பிறகும் எஞ்சியது உங்கள் தொட்டிக்குப் போகட்டும். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு சேர்த்து, வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். நாற்றம் அடித்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள், இன்னும் சிறிது சருகைப் போடுங்கள்.