கடை, கிடங்கு, கிளினிக்: மூன்றுக்கும் ஒரே பார்கோடு ஸ்கேனர் போதுமா?

ஒரே மாடலை மொத்தமாக வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விலை பார்ப்பதற்கு முன், எந்த மாதிரி பார்கோடுகளைப் படிக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

லேசர் ஸ்கேனர் கோடுகளில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துப் படிக்கிறது. கட்டம் கட்டமான க்யூஆர் அதற்குப் பிடிபடாது. போன் திரையில் காட்டும் பார்கோடும் பெரும்பாலும் சிக்காது. 2டி இமேஜர் என்ற கேமரா வகை ஸ்கேனர் படமெடுத்துப் படிப்பதால் இவை எல்லாவற்றையும் படித்துவிடும். புதிதாக வாங்குவதென்றால் அதுவே சரி.

கடைக் கல்லாவுக்கு, கையில் எடுக்கத் தேவையில்லாத ஸ்டாண்டு மாடல் போதும். கிடங்குக்கு, உயரத்து அடுக்கையும் படிக்கும் தூர வகை, கான்கிரீட்டில் விழுந்தாலும் தாங்கும் உடல், ஒரு ஷிப்டு முழுக்க நிற்கும் பேட்டரி.

கிளினிக்கில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கிருமிநாசினியால் தினமும் துடைக்கும்போது சாதாரண பிளாஸ்டிக் நாளடைவில் விரிசல் விட்டுவிடும். அதைத் தாங்கும் உறை என்று குறிப்பிட்ட மாடலையே எடுங்கள். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் நீளமான பார்கோடு வளைந்து பாதி மறைந்துவிடும், க்யூஆர் போன்ற சின்ன 2டி கோடு மறையாது. அப்புறம், இரவில் தூங்குபவரை எழுப்பாதபடி பீப் ஒலியை நிறுத்தி, அதிர்வுக்கு மாற்ற முடிகிறதா என்றும் கேளுங்கள்.

வாங்கும் முன் உங்களிடம் உள்ள கசங்கிய, மங்கிய லேபிள்களைக் கொண்டுபோய்ப் படிக்க வைத்துப் பாருங்கள்.