'மெலன்கலி': எங்கே எழுதலாம், எங்கே வேண்டாம்?

கேள்வி: உடன் வேலை செய்பவரின் அப்பா இறந்துவிட்டார். 'ஐ ஆம் வெரி மெலன்கலி டு ஹியர் அபௌட் யுவர் ஃபாதர்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். 'சாட்' ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று அகராதியில் தேடி எடுத்த சொல் அது. இன்னொரு நண்பர் அதைப் பார்த்துவிட்டு, 'இதையெல்லாம் இங்கே போடக் கூடாது' என்கிறார். அகராதியில் சோகம் என்றுதானே இருக்கிறது?

பதில்: நண்பர் சொல்வது சரி. ஆனால் அதற்காக நீங்கள் இன்னொரு மின்னஞ்சல் அனுப்பி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். துக்கத்தில் இருப்பவர் உங்கள் மனதைத்தான் பார்த்திருப்பார். நேரில் பார்க்கும்போது 'ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்' என்று சொல்லுங்கள், போதும். நம்மில் பலருக்கு 'சாரி' என்றாலே மன்னிப்பு என்று பதிந்துபோயிருப்பதால் இந்த இடத்தில் அதைச் சொல்லத் தயக்கம். ஆங்கிலத்தில் இரங்கல் சொல்ல அதைவிட இயல்பான சொல் கிடையாது. கொஞ்சம் முறையாக எழுத வேண்டுமென்றால், 'ஐ வாஸ் டீப்லி சாடன்ட் டு ஹியர்' என்று தொடங்கலாம்.

இனி மெலன்கலிக்கு வருவோம். 'சாட்' என்பதைக் கொஞ்சம் கூட்டினால் மெலன்கலி என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. சோகத்தின் அளவைக் கூட்டிச் சொல்ல 'ஹார்ட்ப்ரோக்கன்', 'டெவஸ்டேடட்' போன்ற சொற்கள் இருக்கின்றன. மெலன்கலி வேறு வகைச் சோகம். ஒரு செய்தி கேட்டதும் பாய்ந்து வருவதில்லை. மெல்லக் கவிந்து, நெடுநேரம் தங்குவது. 'ஏன் இப்படி இருக்கே?' என்று கேட்டால் பளிச்சென்று பதில் சொல்ல வராது. இனம் புரியாத சோகம் என்கிறோமே, ஏறக்குறைய அது. இலக்கிய விமர்சனத்தில் புழங்கும் 'மென்சோகம்' பல இடங்களில் அழகாகப் பொருந்தும். ஆனால் மெலன்கலி எப்போதும் மென்மையாகத்தான் இருக்கும் என்றில்லை, ஆழமாகவும் இருக்கலாம். அப்பாவை இழந்தவரின் துக்கத்துக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. அதைக் கேட்டு உங்களுக்கு வந்த வருத்தத்துக்கும் அப்படித்தான். அதனால்தான் சொல் அங்கே ஒட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சோகத்தில் லேசான ஒரு சுகம் கலந்திருக்கும். பழைய புகைப்படங்களைப் புரட்டும்போது வருகிற மனநிலையை நினைத்துப் பாருங்கள்; மூடி வைக்கவும் மனம் வராது. 'தி ஓல்ட் ஃபோட்டோஸ் ஃபில்ட் ஹெர் வித் மெலன்கலி' என்று எழுதினால் கச்சிதம். மனிதர்களைவிட, மனதில் அந்த உணர்வை எழுப்பும் பொருள்களோடுதான் இது அதிகம் சேரும்: மெலன்கலி ட்யூன், மெலன்கலி ஸ்மைல், மெலன்கலி ஈவ்னிங். அலுவலகக் கடிதத்தில் இதற்கு வேலையே இல்லை என்பது என் கருத்து. கதை, கட்டுரை, இசை விமர்சனம் என்றால் தாராளமாக எழுதலாம், அதுவும் ஒரு கட்டுரைக்கு ஒரு முறை போதும்.

விடுப்புக் கடிதத்தில் 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மெலன்கலி' என்று எழுதுபவர்களும் உண்டு. எழுதாதீர்கள், நானூறு வருடத்துக்கு முந்தைய ஆள் மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அது நோயின் பெயராகவே இருந்தது. ராபர்ட் பர்ட்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1621இல் அதைப் பற்றி மிகப் பெரிய நூலே எழுதினார். பண்டைய கிரேக்க மருத்துவத்தில் உடலில் நான்கு நீர்மங்கள். அவற்றில் கரும்பித்தம் மிகுந்தால் மனம் வாடும் என்று நம்பினார்கள். 'மெலாஸ்' என்றால் கருப்பு, 'கோலே' என்றால் பித்தம். (நாமும் பித்தம் தலைக்கேறிவிட்டது என்கிறோம், பித்தத்தின் மேல் பழி போடுவதில் எல்லோரும் ஒன்றுதான்.) இன்றைய மருத்துவத்தில் மனச்சோர்வு நோய்க்கு 'டிப்ரெஷன்' என்பதே பெயர். அதன் ஒரு வகையைக் குறிக்க மட்டும் 'மெலன்காலிக்' என்ற அடைமொழி மிச்சமிருக்கிறது.

அந்தக் கிரேக்க வேர்கள் உச்சரிப்புக்கும் உதவும். எழுத்தில் 'ch' இருப்பதைப் பார்த்து 'மெலஞ்சலி' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்; அங்கே அதன் ஒலி 'க'தான். தோலுக்கு நிறம் தரும் மெலனினில் இருப்பது அதே கருப்பு, கொலஸ்ட்ராலில் இருப்பது அதே பித்தம். யாரும் 'சொலஸ்ட்ரால்' என்பதில்லையே! அழுத்தம் முதல் அசையில்: மெ-லன்-கலி. 'மெலன்காலிக்' என்னும்போது அழுத்தம் 'கா'வுக்குப் போய்விடும்.

இலக்கணத்தில் ஒரே ஒரு பொறி. இந்தச் சொல் பெயராகவும் வரும், பெயரடையாகவும் வரும். ஆனால் முடிவில் 'லி' இருப்பதைப் பார்த்து, 'ஸ்லோலி', 'சாட்லி' மாதிரி வினையடை என்று எண்ணி 'ஹி ஸ்மைல்ட் மெலன்கலி' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 'மெலன்காலிக்கலி' என்று ஒரு வினையடை இருக்கிறது, வாயில் நுழையாது. 'ஹி கேவ் அ மெலன்கலி ஸ்மைல்' என்று வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுவிடுங்கள்.