டிஷ் மாட்ட ஆள் வருவதற்கு முன்: கேள்வி பதில்

டிஷ் மாட்டுவது என் தொழில். வீட்டை அதற்கு எப்படித் தயார் செய்வது என்று கேளுங்கள், சொல்கிறேன். எந்தப் பேக்கேஜ் லாபம், எந்த டிவி வாங்கலாம் என்பதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

புதுவீடு: சார், சுவர் எழும்பியாச்சு, பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கலை. டிஷ்ஷுக்காக இப்பவே ஏதாவது பண்ணணுமா?

இப்போதுதான் பண்ண வேண்டும். பூசிய பிறகு என்னைக் கேட்டால் அனுதாபம்தான் சொல்ல முடியும். டிவி வரப்போகும் ஒவ்வொரு சுவரிலிருந்தும் மாடி வரைக்கும் 25 மிமீ பைப் ஒன்றைப் புதைக்கச் சொல்லுங்கள். அதில் மின்கம்பி எதுவும் போகக்கூடாது. கரண்டுக்கு ஒரு பைப், இதற்கு ஒரு பைப். குறுக்கே வெட்டிப் போனால் பரவாயில்லை, ஒட்டியே கூடப் போகக்கூடாது. மூலையில் சட்டென்று மடங்கும் எல்போ வேண்டாம், நீள வளைவு போடச் சொல்லுங்கள். டிஷ் கேபிள் சுமார் 7 மிமீ தடிமன். அதன் பத்து மடங்கு, அதாவது 7 செமீ ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் உள்ளே இருக்கும் நுரைக்காப்பு நசுங்கும், சிக்னல் அந்த இடத்தில் அடிபடும்.

பைப்புக்குள் இழுகம்பி ஒன்றை இப்போதே போட்டு இரண்டு முனையையும் கட்டிவிடுங்கள். மாடியில் பைப்பின் வாய் வானத்தைப் பார்க்கக்கூடாது, கவிழ்த்து வளைத்துத் தரையைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் டிவிக்குப் பின்னால் சுவர் ஊறும். ஒரு டிவிக்கு இரண்டு கேபிளாக இழுத்து வையுங்கள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஆளுக்கு அன்று இன்னும் நாலு வீடு இருக்கும். உங்கள் வீட்டில் வழி இல்லையென்றால் ஜன்னல்தான் அவருக்கு வழி.

மூன்றாம் மாடி: வாடகை வீடு. பால்கனி கம்பியில் மாட்டிக்கலாமா அண்ணா?

பால்கனி சரியான பக்கம் பார்க்கிறதா? டிவி செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிமீ உயரத்தில் நிற்பவை. நடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களுக்குத் தெற்கு வானமும், தெற்கே இருப்பவர்களுக்கு வடக்கு வானமும் திறந்திருக்க வேண்டும். மேல்மாடியின் தளம் குறுக்கே வந்தாலும் போச்சு. கம்பியில் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். 60 செமீ டிஷ் ஓரிரு டிகிரி திரும்பினாலே மழையில் படம் நிற்காது. சுவரில் துளை போடுமுன் வீட்டுக்காரரைக் கேளுங்கள் தம்பி.

வேப்பமரத்து நிழல்: எதிரே மரம் இருக்கு. மறைக்குமா மறைக்காதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நல்ல கேள்வி. டிஷ் 45 டிகிரி உயரத்தில் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மரம் 6 மீட்டர் தள்ளி இருந்தால், டிஷ் மட்டத்துக்கு மேல் அதன் உச்சி 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் வளர்வதற்கும் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள். டிஷ்ஷின் முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வீடுகளில் இருப்பது ஆஃப்செட் வகை, கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பது போலத் தெரிந்தாலும் அதைவிட இருபது டிகிரிக்கும் மேலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில நாள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்தச் சில நிமிடம் படம் உடையும். அதே செயற்கைக்கோளைப் பார்க்கும் டிஷ் பக்கத்து வீட்டில் இருந்தால் அந்த நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, நீங்கள் மாட்ட நினைக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். வெயில் நேரே விழுந்தால் வழி சுத்தம். மரநிழல் விழுந்தால் அந்தக் கிளைதான் மறைக்கிறது. இலைதானே என்று விடாதீர்கள், ஈர இலை சிக்னலைக் குடித்துவிடும்.

சிக்கனம்: கேபிள் எதுவானா என்ன, எல்லாம் கறுப்பா ஒரே மாதிரிதானே இருக்கு?

ஆர்ஜி-6, 75 ஓம். சிசிடிவிக்கு வாங்கி மிச்சமான ஆர்ஜி-59 வேண்டாம். வாங்குமுன் நடுக்கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் மேலே மட்டும்தான் செம்பு. காந்தம் ஒட்டினால் உள்ளே எஃகு, ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம். சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும், அதனால் அதற்கு எஃகும் போதும். ஆனால் மேலே இருக்கும் எல்என்பிக்கு, அதாவது டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிக்னல் வாங்கிக்கு, மின்சாரமும் இதே கம்பி வழியாகத்தான் ஏறுகிறது, அதற்கு முழுக் கம்பியும் தேவை. தூரம் அதிகமென்றால் முழுச் செம்பு.

இரண்டு ஹால்: ரெண்டு டிவி இருக்கு. ஒரு கேபிள்ல ஸ்பிளிட்டர் போட்டுப் பிரிச்சுக்கலாமா?

கூடாது. இரண்டு வெளிவாய் உள்ள எல்என்பி, இரண்டு தனிக் கேபிள்.

பழைய கை: நான் வருஷக்கணக்கா ஸ்பிளிட்டர்லதான் ரெண்டு டிவி ஓட்டறேன். சும்மா பயமுறுத்தாதீங்க சார்.

உங்களுக்கு ஓடும், ஏன் என்று சொல்கிறேன். டிவியோடு இருக்கும் செட்டாப் பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி செங்குத்து அலையை எடுக்கும், 18 அனுப்பினால் கிடையலையை. கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் மின்துடிப்பு போனால் அதிர்வெண்ணில் மேல்பட்டை, போகாவிட்டால் கீழ்பட்டை. மொத்தம் நாலு. ஒரு கேபிளில் ஒரு சமயத்தில் நாலில் ஒன்றுதான் இறங்கும். உங்கள் சேனல்கள் எல்லாம் அந்த ஒன்றிலேயே இருந்தால் இரண்டு பெட்டிக்கும் சண்டை வராது.

கடைக்குட்டி: எங்க வீட்ல வரும்! பாட்டி சீரியல் வைச்சா எனக்கு மேட்ச் போயிடும். பெட்டி ரிப்பேர்னு ரெண்டு தடவை கொடுத்து வாங்கியாச்சு.

பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். பாட்டி 18 வோல்ட், நீங்கள் 13. பாட்டி ஜெயிக்கிறார்.

பழைய கை: அப்போ அவங்க ஸ்பிளிட்டர் மட்டம். நல்லதா வாங்கணும்.

தங்கத்தில் செய்து மாட்டினாலும் ஒரு கேபிளில் இரண்டு பட்டை இறங்காது ஐயா. ஆண்டெனாவுக்கான ஸ்பிளிட்டர் என்றால் இன்னும் மோசம். அதில் பல 1000 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், டிஷ் கேபிளில் ஓடுவது 950 முதல் 2150 வரை.

எலக்ட்ரீஷியன் மருமகன்: ஒரே கேபிளில் பல பெட்டி ஓட்டும் எல்என்பி இருக்கிறதே?

இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அதிர்வெண் ஒதுக்கித் தரும். பெட்டிக்கும் அந்த முறை தெரிந்திருக்க வேண்டும். அது ஸ்பிளிட்டர் வாதத்துக்கு சாட்சி ஆகாது.

பழைய கை: எனக்கு ஓடுது. அவ்வளவுதான்.

ஓடட்டும். புதுச் சேனல் வேறு பட்டையில் வரும்வரை.

நனைந்த சோபா: கேபிள் வழியா வீட்டுக்குள்ளே தண்ணி வருது.

துளையை வெளிப்பக்கம் சரிவாகப் போடவில்லை. கேபிள் துளைக்குள் நுழையுமுன் ஒரு சாண் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். மிச்ச இடைவெளிக்கு சிலிக்கான்.

லேசான கல்: கனமில்லாத நுரைக் கான்கிரீட் கல் சுவர். சாதா விரிபோல்ட் பிடிக்குமா?

பிடிக்காது. சுவரைத் துளைத்து மறுபக்கம் பட்டை வைத்து இறுக்குங்கள், அல்லது வேதிப் பசை ஆங்கர். 80 செமீ டிஷ் 60ஐவிட ஒன்றே முக்கால் மடங்கு காற்று வாங்கும்.

இடி பயம்: மின்னலுக்கு என்ன செய்ய?

கம்பத்தை வீட்டு எர்த்தோடு தடித்த கம்பியால் இணைக்கச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனை வைத்து. நேரே விழும் இடியை அதுவும் தடுக்காது. வானம் கறுக்கும்போதே பிளக், கேபிள் இரண்டையும் பிடுங்குங்கள். இடி இடிக்க ஆரம்பித்த பிறகு கை வைக்காதீர்கள்.

மழைக்காலம்: மழை வந்தா படம் போகுது, எந்தப் பக்கம் திருப்பணும்?

எந்தப் பக்கமும் திருப்பாதீர்கள். கொட்டுகிற மழையில் கொஞ்ச நேரம் போவது இயல்பு. தூறலுக்கே போனால் குறி தவறியிருக்கிறது.

தென்றல்: டிஷ் எந்தத் திசை பார்க்கணும்?

மேலே மூன்றாம் மாடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திசைகாட்டி: போன் காம்பஸ் வச்சுப் பார்க்கலாமா?

கைப்பிடிச் சுவரின் கம்பி முள்ளைத் திருப்பிவிடும். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

அவசரம்: ஸ்பிளிட்டர் போடலாமா?

மேலே.

சேமிப்பு: கரண்ட் பைப்பிலேயே இடம் இருக்கு, கேபிளை விட்டுடலாமா?

கூடாது. முதல் பதிலிலேயே சொன்னேன்.

நாளைக்கு ஆள் வருகிறார்: நான் இன்னிக்கு ராத்திரி என்ன செஞ்சு வைக்கணும்?

டிவியை நகர்த்தி, பின்னால் கை போக இடம் விடுங்கள். அங்கே பெட்டிக்கும் டிவிக்கும் தனித்தனி பிளக் வேண்டும். மாடிக் கதவுச் சாவியைத் தேடி எடுத்து வையுங்கள், பாதி வேலை அதில்தான் நிற்கும். சுவருக்குள் குழாயும் ஒயரும் எங்கே ஓடுகின்றன என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். டிரில் பிடிக்கிறவருக்கு அது தெரியாது. தண்ணீர்த் தொட்டியில் மாட்டுகிறேன் என்றால் விடாதீர்கள்.

அவர் கேபிள் முனை போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நடுக்கம்பி கனெக்டருக்கு வெளியே 2, 3 மிமீ நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுற்றியிருக்கும் சல்லடைக் கம்பியில் ஒரு மயிரிழை அதைத் தொட்டாலும் ஷார்ட். கேபிளைச் சொருகும்போது பெட்டியின் பிளக் பிடுங்கியே இருக்கட்டும். கம்பத்தில் ரசமட்டம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் பெட்டியின் சிக்னல் பக்கத்தைத் திறந்து, பலம், தரம் இரண்டு எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் சொல்லும்போது அந்த எண்தான் பேசும். கையெழுத்து அதற்குப் பிறகு போடுங்கள்.