ஆபீஸில் நாள் முழுக்க மாட்டியிருந்தாலும் காது வலிக்காத குளோஸ்டு பேக் ஹெட்போன் எது?

குளோஸ்டு பேக் என்றால் காதுக்கு வெளிப்பக்கம் மூடியிருக்கிற ஹெட்போன். கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: தினமும் ஆறேழு மணி நேரம் ஹெட்போன் மாட்ட வேண்டியிருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்கக் கூடாது, மதியத்துக்கு மேல் காது வலிக்கிறது, எதை வாங்கலாம்? எனக்கும் இதே வலி இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அதோடுதான் வேலை பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ ஏசி ஆபீஸில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் இருப்பது திருநெல்வேலி. வண்ணாரப்பேட்டை பைபாஸ் ரோட்டில் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். பேட்டிகள், ஆய்வுக்காக எடுத்த ஒலிப்பதிவுகள், கூட்டங்களின் பதிவுகள், எல்லாவற்றையும் கேட்டு அப்படியே தமிழில் டைப் செய்வது என் வேலை. எனக்கு ஹெட்போன் பாட்டுக் கேட்கும் பொருள் இல்லை. கொத்தனாருக்குக் கரண்டி எப்படியோ அப்படி. காலையில் ஒன்பதரைக்கு மாட்டினால் சாப்பாட்டுக்குக் கழற்றி, மறுபடி மாட்டினால் சாயங்காலம்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆடியோ நிபுணன் இல்லை. கீழே சில மாடல்களின் பெயர் வரும். எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. "இதைவிட அதில் சவுண்ட் நன்றாக இருக்கும்" என்று கமென்டில் வரப்போகிறவர்களிடம் சண்டைக்கு வரவில்லை. இருக்கலாம். கேட்டவர் சவுண்டைக் கேட்கவில்லை, வலிக்காததைக் கேட்டிருக்கிறார்.

முதலில் என் கதை. 2019இல் இந்த வேலையில் சேர்ந்தபோது கையில் இருந்த காசுக்கு ஒரு ஹெட்போன் வாங்கினேன். பெயர் வேண்டாம். ரெக்சின் குஷன், பிளாஸ்டிக் ஹெட்பேண்ட், நல்ல இறுக்கம். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதத்திலிருந்து இடது காதுக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில், ஒரு வலி. மூன்று மணிக்கு லேசாக ஆரம்பிக்கும். ஐந்து மணிக்குத் தாடை வரை இறங்கும். ராத்திரி அந்தப் பக்கம் தலையணையில் சாய்க்க முடியாது. காதுக்குள் ஏதோ கோளாறு, கேட்கும் சக்தி போய்விட்டால் இந்த வேலையும் போய்விடுமே என்று உண்மையிலேயே பயந்தேன். இரண்டு மூன்று முறை யாரும் பார்க்காதபோது ஒவ்வொரு காதாக மூடிக்கொண்டு கடிகாரச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டரிடம் போனேன். உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "ஹெட்போன் பையில இருக்கா? எடுத்து மாட்டுங்க, கண்ணாடியோடவே" என்றார். மாட்டினேன். அஞ்சு நிமிஷம் அப்படியே உட்கார வைத்துவிட்டு இரண்டையும் கழற்றச் சொல்லி, காதுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினார். உயிர் போயிற்று. அந்த இடத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டினார். கண்ணாடிக் கம்பு படிந்த இடத்தில் ஒரு கோடு, சிவப்பாக, நகத்தால் கீறியது போல. என் கண்ணாடிக்குத் தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம். ஹெட்போன் குஷன் அந்தக் கம்பை எட்டு மணி நேரம் மண்டையோட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை.

மருந்துக்கடைக்குப் போகவில்லை, கண்ணாடிக் கடைக்குப் போனேன். மெல்லிய கம்பி ஃபிரேமுக்கு மாறினேன். பத்து நாளில் பாதி வலி போய்விட்டது. அதனால் உங்களுக்கு என் முதல் பதில் இதுதான்: கண்ணாடி போடுகிறவர் என்றால் ஹெட்போனைத் தேடுவதற்கு முன்னால் ஃபிரேமைப் பாருங்கள். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கம்பு தடியாக இருந்தால் குஷனுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு இடுக்கு விழும். அது வழியாக பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கசிந்துவிடும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். தவில் இருக்கிற நல்ல பதிவு ஒன்றைப் போட்டு, கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் கேட்டுப் பாருங்கள். தவிலின் தாழ்ந்த ஒலி வருகிற தொப்பிப் பக்கத்து அடி, கண்ணாடி போட்டால் மெலிந்துவிடும். மெலிந்தால் நாம் என்ன செய்வோம்? வால்யூமைக் கூட்டுவோம்.

மிச்சப் பாதி வலி ஹெட்போனுடையது. அதோடு நம்ம ஊர் வெயிலும் சேர்ந்துகொண்டது. சித்திரை, வைகாசியில் எங்கள் மாடியில் ஃபேன் காற்றே சூடாகத்தான் வரும். ரெக்சின் குஷனுக்குள் வேர்வை தேங்கி, காது ஊறிப்போய்விடும். ஒன்றரை வருஷத்தில் ரெக்சின் உரிய ஆரம்பித்தது. ஒருநாள் வீட்டுக்குப் போனதும் அம்மா, "ஏல, காதுல என்ன கரி?" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். கரி இல்லை, கறுப்புச் செதில் செதிலாக ரெக்சின். காது மடலிலும் கழுத்திலும் ஒட்டியிருந்தது. இணையத்தில் ஹெட்போன் விமர்சனம் எழுதுகிறவர்களில் அநேகம் பேர் குளிர் நாட்டுக்காரர்கள். அவர்கள் "குஷன் சொகுசாக இருக்கிறது" என்று சொல்வது பொய் என்று சொல்லவில்லை. மே மாதம் திருநெல்வேலியில் அது வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவதை வாங்கும்போது அவசரப்படவில்லை. தலையில் வைத்துப் பார்த்து வாங்குகிற மாதிரி ஒரு கடை ஊரில் எனக்கு அமையவில்லை. சமாதானபுரத்தில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ இருந்தது. ஒரு சனி, ஞாயிறு கடனாக வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். கடையில் ஐந்து நிமிஷம் மாட்டிப் பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம்தான் அது உங்கள் தலைக்கு ஆகுமா என்று தெரியும். உங்கள் ஊரிலும் எடிட்டிங் ஸ்டுடியோ, ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருக்கும். கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.

அதே மாடலைத்தான் வாங்கினேன், இன்றுவரை அதுதான். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் (மின்தடையின் அளவு) என்று மூன்று வகையாக வருகிறது. 80, 250 இரண்டுக்கும் சாம்பல் நிறத்தில் வெல்வெட் மாதிரியான துணிக் குஷன். 32 ஓமுக்குக் கறுப்பு ரெக்சின் வகைக் குஷன். வேர்க்கிற ஊரென்றால் துணிக் குஷன்தான். துணி வேர்வையைத் தேக்காது, காற்றுப் போகும். ரெக்சின் அளவுக்கு வெளிச்சத்தத்தை அடைக்காது என்பது உண்மைதான், எனக்கு அது போதும். 250 ஓமை லேப்டாப்பில் நேராகச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம், சத்தத்தைக் கூட்டித் தருகிற ஆம்ப் தனியாகத் தேவைப்படும். நான் 80 வைத்திருக்கிறேன், ஆபீஸ் கணினியிலேயே பேச்சு நன்றாகக் கேட்கிறது. எடை 270 கிராம். ஹெட்பேண்டுக்குள் எஃகுப் பட்டை. புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது; இரண்டு ராத்திரி ஒரு தடித்த அகராதியைப் படுக்கப்போட்டு அதன் மேல் மாட்டி வைத்தேன், தளர்ந்துவிட்டது. இதைப் பிளாஸ்டிக் பட்டையில் செய்யாதீர்கள், ஒடிந்துவிடும்.

குறையும் சொல்ல வேண்டும். ஒயரைக் கழற்ற முடியாது. 80 ஓமில் ஒயர் மூன்று மீட்டர். நாற்காலிச் சக்கரத்தில் மாட்டும். நான் சுருட்டி ஒரு துணிக் கயிற்றால் மேஜைக் காலில் கட்டி வைத்திருக்கிறேன். விலை பத்தாயிரத்தைத் தாண்டும். அவ்வளவு முடியாது என்றால் ஆடியோ டெக்னிகாவின் ஏடிஹெச் எம்20எக்ஸ் 190 கிராம்தான், விலையும் நிறையக் குறைவு. எம்40எக்ஸ் 240 கிராம், ஒயரைக் கழற்றி மாற்றலாம். இரண்டிலும் ரெக்சின் வகைக் குஷன்தான், ஏசி ஆபீஸ் என்றால் பாதகமில்லை. எதை எடுத்தாலும் குஷன் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அப்புறம், குஷனின் உள்வட்டத்துக்குள் காது முழுசாக உட்கார வேண்டும். மடல் உள்ளே இருக்கும் துணியில் இடிக்கக் கூடாது. இடித்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் வலிக்கும்.

"நாய்ஸ் கேன்சலிங் (வெளி இரைச்சலை மின்னணு முறையில் அமுக்குவது) ப்ளூடூத் இருக்கும்போது எதற்கு இந்தப் பழைய ஒயர்" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்கட்டும், நானும் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஆபீஸுக்குக் கீழே ஒரு பரோட்டா கடை. ஐந்தரைக்குக் கல் சூடாகும், ஆறு மணிக்குக் கொத்து ஆரம்பிக்கும். தகரத்தில் இரண்டு கரண்டி போடுகிற அந்தச் சத்தமும், பைபாஸில் போகிற பஸ்களின் ஏர் ஹாரனும்தான் எனக்கு எதிரி. நாய்ஸ் கேன்சலிங் ஃபேன், ஜெனரேட்டர் மாதிரி ஒரே சீராக வருகிற தாழ்ந்த இரைச்சலை அருமையாக அமுக்கிவிடுகிறது. கொத்துச் சத்தம் மாதிரி வெட்டி வெட்டி வருகிற கூர்மையான சத்தத்துக்கு அது அவ்வளவு உதவவில்லை. அதற்கு நன்றாக மூடுகிற குஷன்தான் வேண்டும். இன்னொன்று, நான் காலால் பெடலை அழுத்தி நிறுத்தி நிறுத்திக் கேட்பவன். நான் வைத்துப் பார்த்த ப்ளூடூத்தில் நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால் முதல் எழுத்து விழுங்கிப் போயிற்று. என் வேலையில் முதல் எழுத்துப் போனால் சொல்லே போயிற்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். களக்காட்டுப் பக்கம் ஒரு ஆச்சியின் பேட்டி வந்தது. முழங்கால் வலி பற்றிப் பேசுகிறார். "வெள்ளன முழிச்சிருவேன், பைய எந்திச்சு நடந்து போயிருவேன்" என்கிறார். காற்றுச் சத்தம், கோழிச் சத்தம், நடுவே ஆச்சியின் குரல். பத்துப் பன்னிரண்டு முறை கேட்டு, எழுத்துக்கு எழுத்து டைப் செய்து அனுப்பினேன். சென்னையில் சரிபார்த்தவர் "வெள்ளன" என்பதை எடுத்துவிட்டு, "பையை எடுத்து நடந்து போயிருவேன்" என்று திருத்தி, எனக்கு இரண்டு பிழை என்று போட்டுவிட்டார். அதிகாலையில் முழித்து, மெதுவாக எழுந்திரிக்கிறேன் என்று அந்த மனுஷி சொல்கிறார். அவர் கையில் பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முழங்கால் வலிக்காரி மெதுவாக எழுகிறாள் என்பதுதானே அந்தப் பேட்டியில் விஷயம்? நான் விளக்கம் எழுதினேன். "எழுத்துத் தமிழில் இல்லாத சொல்" என்று பதில் வந்தது. பைய என்பது நாங்கள் தினமும் சொல்கிற சொல். எங்கள் பேச்சு தப்பாகக் காதில் விழுந்தால் கேட்டவர் காதைச் சந்தேகப்பட வேண்டும், பேசியவர் வாயைத் திருத்தக் கூடாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, ஹெட்போனுக்கு வருகிறேன். வலி போனாலும் வால்யூம் விஷயத்தில் கவனமாக இருங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட தரநிலையில், பெரியவர்களுக்கு 80 டெசிபல் (சத்தத்தின் அளவு) என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி நேரம்தான். சனிக்கிழமையும் வேலை பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் வந்துவிடுகிறது, அதனால் 80க்கும் கீழேயே வைக்க வேண்டும். குளோஸ்டு பேக்கின் உண்மையான பயன் எனக்கு இதுதான். வெளிச்சத்தம் குறைந்தால் வால்யூமைக் குறைத்து வைத்தே கேட்கலாம். பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்காமல் இருப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் ஆபீஸில் மூத்தவர் ஒரு அண்ணாச்சி, இருபது வருஷம் டைப்பிங் பார்த்தவர். மணிக்கு ஒருதரம் வந்து என் நாற்காலியைத் தட்டுவார். "என்னவே, கழத்தும். தண்ணி குடிச்சிட்டு வந்து மாட்டும்." முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அவர் லீவு போட்ட நாளில் போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன். ஐந்து நிமிஷம் கழற்றி வைத்தால் குஷன் காயும், காதும் காயும்.

கேள்வியில் நீங்கள் கண்ணாடி போடுகிறவரா என்று சொல்லவில்லை. ஆபீஸில் ஏசி உண்டா, ஹெட்போனை லேப்டாப்பில் செருகுகிறீர்களா போனிலா, அதையும் கமென்டில் எழுதுங்கள். வலி சரியாக எந்த இடத்தில் என்றும் எழுதுங்கள்: காதுக்கு மேலேயா, மடலிலா, உச்சந்தலையிலா. உச்சந்தலை என்றால் நான் மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது, ஹெட்பேண்ட் பஞ்சு தடியாக இருக்கிற வேறு மாடலைத்தான் பார்க்க வேண்டும்.