கட்டிலை இறக்கி வைத்தும் அப்பா விழுகிறார் – பதில்

விழுந்தாலும் அடி படக்கூடாதென்று, உயரத்தை ஏற்றி இறக்கும் கட்டிலைத் தாழ்த்தியே வைத்தும் அப்பா விழுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை எந்நேரமும் அடிமட்டத்திலேயே வைக்காதீர்கள். தூங்கும்போது மட்டும் இறக்குங்கள். அவர் எழும்போது உயர்த்திக் கொடுங்கள்.

பக்கவாதம் வந்த அப்பா, இரண்டு முறையும் விடியற்காலையில் கட்டிலோரத்தில் விழுந்தார் என்கிறீர்கள். பெரும்பாலும் சிறுநீர் கழிக்கத் தானே எழப் பார்த்திருப்பார். தாழ்ந்த இடத்திலிருந்து எழத் தொடையில் நல்ல பலம் வேண்டும். பாதி எழுந்து அப்படியே சரிந்துவிடுவார்கள். என் மாமியாருக்கும் இதேதான் நடந்தது. விடியுமுன் நாங்களே எழுப்பிக் கூட்டிப்போக ஆரம்பித்த பிறகுதான் நிம்மதி.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். அவரை ஓரத்தில் உட்கார வையுங்கள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். குத்துக்காலிட்டது போல முழங்கால் தூக்கி நின்றால் உயரம் போதாது. சரியான உயரம் கிடைத்ததும் பக்கத்துச் சுவரில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் யார் ஏற்றினாலும் குழப்பம் வராது.

அப்புறம், இறக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள். கால், ஒயர், பெட்பேன் (படுக்கையிலேயே மலசலம் கழிக்க வைக்கும் பாத்திரம்) எதுவும் நசுங்கக் கூடாது.

தாழ்ந்த கட்டில் விழுவதைத் தடுக்காது, அடியின் வேகத்தைத்தான் குறைக்கும். பயந்துபோய் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு போட்டுவிடாதீர்கள். அதில் ஏறி விழுந்தால் அடி இன்னும் பலம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் தலையில் லேசாக இடித்திருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.