வெள்ளை அணு நல்லதுதானே, பாலை ஏன் ஒதுக்க வேண்டும்?

கேள்வி: வாழப்பாடி பக்கம் இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறோம். கன்று போட்டு மூன்று வாரமான மாட்டுக்குப் பின்காம்பு ஒன்றில் பால் திரிதிரியாக வருகிறது. பாலைச் சோதித்துவிட்டு வெள்ளை அணு அதிகம் என்கிறார்கள். வெள்ளை அணு நோயை எதிர்ப்பதுதானே? அப்புறம் ஏன் அந்தப் பால் வேண்டாம்?

பதில்: நியாயமான கேள்வி. வெள்ளை அணு மேல் குற்றமில்லை. மடிக்குள் கிருமி புகுந்து மடிநோய் வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. நல்ல மடியின் பாலிலும் மில்லிக்கு 2 லட்சத்துக்குள் செல்கள் இருக்கும். காம்புத் துளை வழியே கிருமி ஏறியதும், ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரின் இடுக்கில் நெளிந்து மடிக்குள் இறங்கும். சில மணி நேரத்தில் எண்ணிக்கை பல லட்சமாகிவிடும். கிருமியை விழுங்கிக் கரைத்துவிட்டுத் தாமும் செத்துப்போகும். நீங்கள் பார்க்கும் திரி, செத்த அணுக்களும் உறைந்த புரதமும்தான். உயிருள்ள கிருமியும் அதே பாலில் இருப்பதால்தான் வேண்டாம் என்கிறார்கள்.

உடம்பே பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பாலில் இந்த அணுக்கள் கொழுப்புத் துளியையும் சேர்த்து விழுங்கிவிடுவதால், வயிறு முட்டச் சாப்பிட்டவன் மறுபடி பந்தியில் உட்கார்ந்த கதையாகி, கிருமியை விழுங்கும் திறன் குறைந்துவிடும். கன்று போட்ட புதிதில் அவற்றின் வீரியமும் குறைவு.

அந்தக் காம்பைக் கடைசியாக, தனிப் பாத்திரத்தில், நாளுக்குப் பலமுறை ஒட்டக் கறந்துவிடுங்கள். பாலைக் கட்டுத்தரையில் ஊற்ற வேண்டாம். மருத்துவர் சொன்ன ஊசியை, பால் தெளிந்ததும் பாதியில் நிறுத்தாதீர்கள். அவர் சொல்லும் நாள் வரை நான்கு காம்புப் பாலையும் விற்காதீர்கள்.

மற்ற காம்புகளையும், இன்னொரு மாட்டையும் நீங்களே பார்க்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாக எடுத்து, சம அளவு கரைசலோடு சுழற்றுங்கள். சோப்பு செல்களை உடைக்க, உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளியே வந்து கலவை கொழகொழப்பாகும். கண்ணுக்குத் தெரியாத மடிநோய் இதில் பிடிபடும்.

கறந்ததும் தீனி போட்டு மாட்டை ஒரு மணி நேரமாவது நிற்க வையுங்கள். காம்புத் துளை மூட அவ்வளவு நேரமாகும். அதற்குள் படுத்தால் சாணத்துக் கிருமி நேரே மேலே ஏறும்.

பால் தண்ணீராக மாறி, மாடு தீனி எடுக்காமல், காது சில்லிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.